பதினேழு படிக்கு முன்னால் ஒரு ரெடி

வெளியே கிளம்புகிற நாளில் என் மனைவி இரண்டு தடவை கேட்பாள். முதல் தடவை "ரெடியா?" என்று குரல் வரும்போது நான் துண்டைத் தோளில் போட்டபடி குளியலறை வாசலில் நின்றுகொண்டிருப்பேன். "ரெடி" என்பேன். இரண்டாம் தடவை கேட்கும்போது தலையில் சோப்பு இருக்கும். அப்போதும் ரெடிதான். மூன்றாம் தடவை அவள் கேட்பதில்லை. வாசலில் பூட்டையும் சாவியையும் ஆட்டுகிற சத்தம் மட்டும் வரும். அதற்குப் பிறகுதான் நான் சட்டையைத் தேட ஆரம்பிப்பேன்.

இதில் பொய் ஒன்றும் இல்லை என்றுதான் ஐம்பத்தோரு வயது வரை நினைத்திருந்தேன். ஊர் உலகமே அப்படித்தானே இருக்கிறது. தையல்காரர் "ரெடி சார், பட்டன் மட்டும்தான் பாக்கி" என்பார். நம் துணி நாம் கொடுத்த பையை விட்டே வெளியே வந்திருக்காது. போட்டோ பிடிப்பவர் "ரெடி" என்றதும் அதுவரை நன்றாக இருந்த முகங்கள் எல்லாம் கோணிக்கொள்ளும். மிக்ஸி கெட்டால் ரெடி பண்ண வேண்டும். காய்ச்சல் விட்டால் உடம்பு ரெடி. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ரெடி. டாக்டர் கையை விரித்துவிட்டால் வெளியூரில் இருப்பவர்களுக்குப் போன் போட்டு, மெதுவான குரலில், "எதுக்கும் ரெடியா இருங்க" என்கிறோம். தயார் என்று ஒரு சொல் இருக்கிறது, இல்லாமல் இல்லை. அதை மேடையில் பேசுகிறவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சப் பேருக்கு ரெடி போதும். சொல்லிவிட்டால் கேட்டவர் கொஞ்ச நேரம் நச்சரிக்க மாட்டார். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் சொல்கிறோம்.

என் தொழிலில் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஒரு ஆள் நசுங்கிப் போகலாம். நான் லிஃப்ட் மெக்கானிக்.

இது இரண்டு பேர் வேலை. பதினெட்டு வருஷமாக என் ஜோடி என் மச்சான், மனைவியின் அண்ணன். நான் மேலே, அவர் கீழே. நாங்கள் பார்த்துவந்த கட்டடங்களிலேயே வயசானது ஒரு ஆறு மாடி. லிஃப்டுக்கு இன்னும் கம்பிக் கதவு; உள்ளே நின்றால் ஒவ்வொரு மாடிக்காரர் செருப்பும் வரிசையாகக் கண்ணுக்கு நேரே இறங்கிப் போகும். மோட்டார், மெயின் சுவிட்ச் எல்லாம் மொட்டை மாடி அறையில். ஆறாவது மாடியிலிருந்து அந்த அறைக்கு ஒரு இரும்பு ஏணிப்படி, பதினேழு படி. லிஃப்ட் கேபினுக்கு அடியில், தரைத் தளத்துக்கும் கீழே, நெஞ்சளவு ஆழத்துக்கு ஒரு குழி. கேபின் தவறி இறங்கினால் தாங்க அதில் ஒரு பெரிய ஸ்பிரிங் இருக்கும். மாதம் ஒருமுறை ஒருவர் அந்தக் குழிக்குள் இறங்க வேண்டும்.

குழியில் ஆள் இருக்கும்போது லிஃப்ட் அசையக்கூடாது. அதற்காக உள்ளேயே ஒரு சிவப்பு சுவிட்ச் வைத்திருப்பார்கள். இந்தக் கட்டடத்தில் அது ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தண்ணீர் பட்டுச் செத்துவிட்டது. நான்தான் மேலே மோட்டார் அறையில் அதன் இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி டேப் ஒட்டினேன். அடுத்த மாசம் ரெடி பண்ணிடலாம் என்றேன். அந்த அடுத்த மாசம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

ஆகவே மேலே மெயினை அணைத்துவிட்டு நான் குரல் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டுத்தான் கீழே இருப்பவர் கேபினுக்கு அடியில் போக வேண்டும். குழியில் செல்போன் சிக்னல் கிடைக்காது. மோட்டார் அறையிலிருந்து கத்தினாலும் காங்கிரீட் தளம் குரலை விழுங்கிவிடும். முறைப்படி என்றால் நான் ஆறு மாடி ஏறி, பதினேழு படி ஏறி, மெயினை அணைத்து, பதினேழு படி இறங்கி, ஆறாவது மாடிக் கம்பிக் கதவில் வாயை வைத்து "ரெடி" என்று கத்த வேண்டும்.

யார் இறங்கி ஏறுவது. ஏறுகிற வழியிலேயே ஆறாவது மாடியில் நின்று கத்திவிட்டு, பிறகு நிதானமாக மேலே போய் அணைப்பேன். மச்சான் கீழே சாவகாசமாக ஒரு சிகரெட் பற்றவைத்து, கதவிடுக்கில் ஒரு செருப்பைச் செருகி, "புகை போகட்டும்" என்று சொல்லிக்கொண்டு, குழி விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டுவார். சிகரெட் முடிந்து அவர் எழுந்திருப்பதற்குள் நான் மெயினை அணைத்து, மேலே இருக்கும் புறாக்களோடும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். பதினெட்டு வருஷம் இப்படித்தான் ஓடியது. இதை ஒரு தப்பு என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

போன வருஷம் மச்சானுக்கு முழங்கால் போய்விட்டது. படி ஏறினால் ஒரு சத்தம், இறங்கினால் வேறு சத்தம். "எனக்கே ஆயில் போடணும் மாப்ளே" என்று சொல்லி வீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

அவருக்குப் பதில் வந்தவர் என் சகலை, மனைவியின் தங்கை வீட்டுக்காரர். இருபத்திரண்டு வருஷம் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் உதவியாளராக இருந்தவர். அந்த ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். நாலு மாதம் வீட்டில் இருந்தார். இருந்தார் என்றால், அலமாரியில் இருக்கிற டம்ளர்களை எல்லாம் உயர வாரியாக அடுக்கிக்கொண்டு இருந்தார். "அக்கா, இன்னும் ஒரு மாசம் இவர் வீட்டுல இருந்தா என்னையும் எங்கயாவது அடுக்கிடுவார்" என்று கொழுந்தியாள் என் மனைவியிடம் சொன்னாள். மனைவி என்னிடம் சொன்னாள். மனைவி சொன்னால் எனக்கு அது சட்டம்.

அவர் சேர்ந்த நாளில் வாசலில் நிறுத்தி வைத்து அவள் சொன்னாள்: "என் தங்கச்சி புருஷனை உங்களை நம்பி அனுப்பறேன். கூட்டிட்டுப் போன மாதிரியே கூட்டிட்டு வந்து விடணும்."

"ஏன், பாதியா கொண்டுவந்து கொடுத்தா உன் தங்கச்சி வாங்கிக்க மாட்டாளா?" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சகலை மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். புரியாத ஜோக்கைக் கேட்ட பார்வை அல்ல, புரிந்துகொண்டு யோசிக்கிற பார்வை.

ஒரு மாதம் கதவுக்கு எண்ணெய் போடுவது, கயிற்றைத் துடைப்பது என்று கூட இருந்து பழகினார். வேலை சுத்தம். ஸ்பானர்களை ஒரு துணியில் வரிசையாக அடுக்கி வைப்பார். முடிந்ததும் எண்ணித்தான் எடுத்து வைப்பார். ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன்: "தியேட்டர்ல உங்க வேலை என்ன சகலை?"

"எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டு ரெடின்னு சொல்றது."

"அவ்வளவுதானா? அதை நான் வீட்டுலயே தினமும் செய்றேனே."

"அங்க ரெடின்னு சொன்னா கத்தியை வச்சிடுவாங்கண்ணே" என்றார். டம்ளரின் ஓரத்தைத் துடைத்துவிட்டு ஒரு வாய் குடித்தார். "திரும்பி ஒரு தடவை யாரும் பார்க்க மாட்டாங்க."

ஏதோ சொல்ல வேண்டும் போல இருந்தது. என்னவென்று தெரியவில்லை. ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தின்றேன்.

அவர் முதன்முதலாகக் குழியில் இறங்குகிற நாள் வந்தது. அதே ஆறு மாடி. குழிக்குள் தண்ணீர் கசிந்து ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தது. சுரண்டி, துடைத்து, பெயின்ட் அடிக்க வேண்டும், இரண்டு நாள் வேலை. காலை பதினொரு மணி. கேபினை இரண்டாம் மாடிக்கு ஏற்றி நிறுத்தினேன். எங்களிடம் இருக்கும் ஒரே பலகையை, 'வேலை நடக்கிறது' என்பதை, தரைத் தளத்துக் கதவில் மாட்டினேன். சாவியைப் போட்டுக் கதவைத் திறந்து, ஏணியை இறக்கிக் கொடுத்தேன்.

சகலை குழியை எட்டிப் பார்த்தார். அடியில் கறுப்புத் தண்ணீர் ஒரு விரற்கடை நின்றிருந்தது.

"நீங்க மேலேருந்து ரெடின்னு சொன்னா நான் அடியில போகலாம். அவ்வளவுதானேண்ணே?"

"அவ்வளவுதான்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். சொன்ன பிறகு ஒரு சிகரெட் நேரம் பொறுங்க என்று சொல்லியிருக்கலாம். அவர் சிகரெட் பிடிப்பதில்லை என்பதாவது என் மண்டையில் உறைத்திருக்கலாம். நான் மாடிப்படியைப் பார்த்து, இத்தனையையும் ஏற வேண்டுமே என்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் மாடியில் டீச்சர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். ரிட்டயர் ஆனவர், ஆனால் அவர் குரல் ரிட்டயர் ஆகவில்லை. காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டார். கையில் பை, இன்னொரு கையில் பூட்டு.

"என்னப்பா, ரெடியாயிடுச்சா?"

"ரெடி டீச்சர், ரெடி" என்று சொல்லிக்கொண்டே நிற்காமல் ஏறினேன். தொந்தரவு பண்ணாதீங்க என்பதன் மரியாதையான வடிவம் அது. அவர் பூட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ரகம். இழுக்கிற சத்தம் மூன்றாம் மாடி வரைக்கும் என் பின்னாலேயே வந்தது.

ஆறாவது மாடியில் வழக்கமான இடத்தில் நின்றேன். கம்பிக் கதவில் நெற்றியை வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, கீழே இருட்டுக்குள் "ரெடி" என்று கத்தினேன்.

மச்சான் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. இன்றைக்கு உடனே வந்தது.

"சரிண்ணே. உள்ள போறேன்."

அதைத் தொடர்ந்து கீழே கம்பிக் கதவை இழுத்துச் சாத்துகிற சத்தம். கொண்டி விழுகிற சத்தம். பதினெட்டு வருஷத்தில் இந்த நேரத்தில் நான் கேட்காத சத்தம். சின்னப் பிள்ளைகள் எட்டிப் பார்த்து விழுந்துவிடக்கூடாது என்று சாத்துகிறார் போலிருக்கிறது, என்ன ஒழுங்கு, என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே படியில் காலை வைத்தேன். லிஃப்ட் வேலை செய்கிறவனுக்கு அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும். ஏதாவது ஒரு கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகராது. எல்லாக் கதவும் மூடியிருந்தால், அது உயிரோடு இருக்கிறது.

ஒன்பதாவது படியில் நின்றேன். வயிறு பெருத்தவன் நிற்கிற இடம் அது. இடுப்பில் கையை வைத்து மொட்டை மாடிக் காற்றை ஒரு இழுப்பு இழுத்தேன். புறாக்கள் சுவர் மேல் இருந்தன. இரண்டு எழுந்து பறந்தன. அவை ஏன் பறந்தன என்று யோசிக்கும்போதுதான் காலுக்கடியில் இரும்பு அதிர்ந்தது.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாம் மாடியிலிருந்து தரைக்கு வர அந்தக் கிழட்டு லிஃப்டுக்குப் பதினாறு செகண்ட். இதை நானே வாட்ச் வைத்துப் பார்த்திருக்கிறேன், கட்டடக்காரர்களிடம் பெருமை அடிப்பதற்காக. எட்டுப் படி மிச்சம். எட்டுப் படியை எப்படி ஏறினேன் என்று தெரியாது. முழங்காலில் தோல் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அறைக்குப் பூட்டு. பூட்டின் சாவி, இருபது சாவி இருக்கிற கொத்தில். கை மரத்துப்போயிருந்தது. அடுத்தவன் கையை வைத்துத் திறப்பது போல இருந்தது. உள்ளே அந்தப் பெரிய சக்கரம் எந்த அவசரமும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. மெயினைப் பிடித்து இழுத்தேன்.

சக்கரம் நின்றது. பிரேக் விழுந்தது. அந்த அறையில் அவ்வளவு நிசப்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பதினேழு படி இறங்கி ஆறாவது மாடிக் கதவில் முகத்தை வைத்தேன். "சகலை" என்றேன். கத்தினேனா, முனகினேனா, தெரியாது. பதில் இல்லை. கீழே எங்கிருந்தோ டீச்சர் குரல் வந்தது.

"என்னப்பா இது. ரெடின்னு சொன்னியே."

ஆறு மாடியையும் இறங்கினேன். ஐந்தாவது மாடியில் யாரோ வானொலி வைத்திருந்தார்கள். நான்காவதில் ஒரு அம்மா காய்ந்த துணியை மடித்துக்கொண்டு, "லிஃப்ட் ஓடுதா?" என்று கேட்டார். இறங்க இறங்க, கேட்கக்கூடாத ஏதாவது கேட்டுவிடுமோ என்று காதை மூடத் தோன்றியது. மூடினால் அவர் கூப்பிடுவது கேட்காமல் போய்விடுமே என்றும் தோன்றியது. கொழுந்தியாள் முகம் வரவில்லை. வாசலில் என் மனைவி நின்ற இடம் மட்டும் கண்ணில் நின்றது, அவள் இல்லாமல்.

கேபின் தரைத் தளத்தை அநேகமாகத் தொட்டுவிட்டது. இன்னும் ஒரு முழம்தான் பாக்கி. அதன் இரும்பு அடிப்பாகம் குழியின் வாயை மூடிக்கொண்டு தொங்கியது. ஓரத்தில் ஒரு சாண் இருட்டு. கதவைத் திறந்து தரையில் படுத்து அந்த இருட்டுக்குள் பார்த்தேன். கிரீஸ் நாற்றம், ஈர நாற்றம்.

"சகலை."

தண்ணீர் சொட்டுகிற சத்தம்.

"தம்பி."

உள்ளே டார்ச் எரிந்தது. வெளிச்சம் நேராக என் முகத்தில் அடித்தது. பின்னால் குரல் மட்டும் வந்தது, அடிபட்டவர் குரல் அல்ல, ரொம்ப யோசித்து எடுத்து வைக்கிற குரல்.

"மெயின் ஆஃபா?"

"ஆஃப். நான் அணைச்சுட்டேன். அடி எங்கயாவது…"

"இப்ப ஆஃபா, இல்ல இனிமே ஆஃபா?"

நான் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டேன்.

"இந்த ஓரமா வெளியே வந்தா என் உடம்பு பாதி உள்ள, பாதி வெளிய இருக்கும். அப்ப இது நகர்ந்தா?" டார்ச் அசையவே இல்லை. "பியூஸை எல்லாம் கழட்டி எடுத்துட்டு வாங்கண்ணே. என் கையில கொடுங்க."

"சத்தியமா ஆஃப் சகலை."

"எடுத்துட்டு வாங்க."

மறுபடி ஆறு மாடி. மறுபடி பதினேழு படி. சகலையின் தலைக்கு மேலே டீச்சர் கேபினுக்குள் நின்றுகொண்டு, ஏறுகிற என்னிடம் கேட்டார்: "எப்ப ரெடியாகும்?" வாழ்க்கையில் முதல் தடவையாக, "தெரியாது டீச்சர்" என்றேன். அவர் அதற்கப்புறம் பேசவில்லை. தெரியாது என்று சொன்னதும்தான் அவருக்குப் பயம் வந்தது என்று நினைக்கிறேன்.

மூன்று பியூஸ், பீங்கான் கட்டைகள், உள்ளங்கை அளவு. சட்டைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினேன். அந்த ஒரு சாண் இருட்டுக்குள் கையை நீட்டினேன். என் கை உள்ளே போனபோது, மேலே தொங்குகிற இரும்பு என் முழங்கையை உரசியது. அணைத்தவன் நான், பியூஸைப் பிடுங்கியவன் நான், என்றாலும் கையை இழுத்துக்கொள்ளத் துடித்தது. அந்தக் கையிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார். அவர் விரல் எல்லாம் பத்திரமாக இருந்தது. அதை நான் எண்ணிக்கொண்டேன்.

அப்படியும் அந்த ஓரமாக வர அவர் சம்மதிக்கவில்லை. மேலே போய்ப் பிரேக்கைக் கையால் விட்டுக் கேபினைத் தூக்கச் சொன்னார். "விட்டா மேலதான் போகுமா? கீழ வந்துடாதே?"

"உள்ள ஒரே ஆள்தான். அந்தப் பக்கம் தொங்கற எடைக்கல் இதைவிட கனம். மேலதான் போகும்."

"இது நிச்சயமா தெரியுமா, இல்ல…"

"இது நிச்சயம்" என்றேன். சொல்லும்போதே டீச்சரின் பையில் என்னென்ன இருக்கும் என்று யோசித்தேன். அவ்வளவு தூரத்துக்கு என் சொல்லின் மேல் எனக்கே மரியாதை போய்விட்டிருந்தது.

மேலேதான் போனது. விரற்கடை விரற்கடையாக, சக்கரத்தைக் கையால் பிடித்துத் தள்ளி, முதல் மாடிக்குக் கொண்டுவந்தேன். அங்கே டீச்சரை இறக்கிவிட்டு நான் கீழே வரும்போது சகலை ஏணியில் ஏறி வெளியே வந்து, மாடிப்படியின் முதல் படியில் உட்கார்ந்திருந்தார். மூன்று பியூஸும் மடியில் இருந்தன. உடம்பெல்லாம் கறுப்புத் தண்ணீர். ஒரு கீறல் இல்லை. எழுந்து குழாயடிக்குப் போய் முழங்கை வரைக்கும் கையைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் அவர் முதுகைப் பார்த்தேன். சட்டையின் குறுக்கே, தோளிலிருந்து இடுப்பு வரை, நேராக, ஸ்கேல் வைத்துப் போட்டது போல ஒரு கிரீஸ் கோடு.

குனிந்து நின்றவரைத் தொட்டு, அது படுக்க வைத்திருக்கிறது. அது தொட்ட பிறகுதான் நான் இழுத்திருக்கிறேன்.

வண்டியில் இரண்டு பேரும் வீட்டுக்குக் கிளம்பினோம். வழியில் நிறுத்தி மச்சானுக்குப் போன் போட்டேன். சகலைக்குக் கேட்காத தூரத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"கதவுல செருப்பு வைக்கலையா அவன்?" என்றார் மச்சான்.

"எதுக்கு? அவருக்கென்ன சிகரெட்டா, புகையா?"

"புகைக்காடா வச்சேன்?" மச்சான் என்னை 'டா' போட்டது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. "கதவு சாத்தலைன்னா லிஃப்ட் நகராது. முதல் வருஷமே ஒருநாள் நீ ரெடின்னு சொன்ன அப்புறம் மோட்டார் ஓடற சத்தம் கேட்டுது மாப்ளே. அன்னையிலேருந்து உன் ரெடியை நான் நம்பினதே இல்ல. என் செருப்பைத்தான் நம்பினேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே மச்சான்."

"சொன்னா நீ சங்கடப்படுவ. தங்கச்சி புருஷன் வேற." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "அவன்கிட்டயாவது சொல்லியிருக்கணும். தோணவே இல்ல எனக்கு. உனக்கு மட்டும் இல்ல, எனக்கும் இன்னைக்குச் சாப்பாடு இறங்காது."

சகலை வீட்டில் என் மனைவியும் இருந்தாள். அக்காவும் தங்கையும் கூடத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். முதன்முதலாகக் குழியில் இறங்கின நாள் அல்லவா, விசாரிக்க வந்திருக்கிறாள். சகலை சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். கொழுந்தியாள் அதை எடுத்து விரித்துப் பார்த்தாள்.

"இது என்ன?"

"கிரீஸ்" என்றார் சகலை.

"முதுகுலயா?"

"படுத்துதான் வேலை செய்யணும்."

"படுத்தா கீழ தண்ணிதான படும். கிரீஸ் எப்படி…" அவள் நிறுத்திவிட்டாள். அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டிப் பார்த்தாள்.

சகலை என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை நான் சும்மா இருந்திருப்பேன். என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டு, நன்றியோடு பட்டாணி உரிக்க உட்கார்ந்திருப்பேன்.

"மெயினை அணைக்காம ரெடின்னு சொல்லிட்டேன்மா" என்றேன். "என் தப்பு. அது அவர் முதுகு வரைக்கும் வந்துடுச்சு."

பட்டாணித் தோல் ஒன்று என் மனைவியின் கையிலிருந்து விழுந்தது. அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதிலுக்குச் சொல்ல எப்போதும் ஒரு வாக்கியம் வைத்திருப்பேன். அவள் தன் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். கொழுந்தியாள் சட்டையை மடித்தாள், கோடு வெளியே தெரிகிற மாதிரி.

"நாளைக்கு இவர் வர மாட்டார் அத்தான்" என்றாள்.

"வருவேன்" என்றார் சகலை. "வேலை பாதியில நிக்குது. அந்தச் சிவப்பு சுவிட்சை முதல்ல மாத்தணும்." வார்த்தைகளை ஸ்பானர் அடுக்குவது போல அடுக்கினார். "ஆனா நாளைக்கு நான் மேல."

"அப்ப கீழ யாரு?" என்று கேட்டாள் கொழுந்தியாள்.

என் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

மறுநாள் காலை புது சுவிட்ச் ஒன்றும் ஸ்க்ரூ டிரைவரும் பையில் போட்டுக்கொண்டு நான் குழிக்குள் இறங்கினேன். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. கீழேயிருந்து பார்த்தால் கேபின் வேறு மாதிரி இருக்கிறது. மேலேயிருந்து அதை ஒரு பெட்டியாகத்தான் பார்த்திருக்கிறேன். இங்கே அது ஒரு பாதத்தின் அடி. இரண்டாம் மாடி உயரத்தில் தூக்கி நிறுத்திய பாதம். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் கிரீஸ் வழித்து எடுத்தது போல இருந்தது.

இந்தத் தடவை எல்லா மாடியிலும் பலகை மாட்டியிருந்தார் சகலை. அட்டையில் அவரே எழுதியவை. என் தலைக்கு மேலே கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினார். "பிள்ளைங்க விழுந்துடக்கூடாதுண்ணே" என்றார். கொண்டி விழுந்தது. சாவியைத் திருப்பி எடுத்துக்கொண்டார். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் செருப்புச் சத்தம் மாடிப்படியில் ஏற ஆரம்பித்துவிட்டது.

ஒவ்வொரு மாடியாக எண்ணினேன். மூன்று. நான்கு. ஐந்து. ஆறாவது மாடியில் சத்தம் நிற்கவில்லை. இரும்புப் படிக்குப் போனது, பிறகு கேட்கவில்லை. சுவரில் முதுகை ஒட்டி நின்றேன். ஈரம் சட்டைக்குள் இறங்கியது. மேலே போனவர் நேற்று இந்தத் தண்ணீரில் படுத்திருந்தவர். அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று எனக்குத் தெரியும். பொய் சொல்லத் தெரியாதவர், டம்ளரைக்கூட ஒழுங்காக அடுக்குகிறவர். இதையெல்லாம் நான் எனக்கே எடுத்துச் சொன்னேன், பக்கத்து ஆளுக்குச் சொல்வது போல. நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு மனிதன் பதினேழு படி ஏறி இறங்குவதற்கு இவ்வளவு நேரமா ஆகும்?

"ரெடி."

ஆறாவது மாடியிலிருந்து வந்தது. தெளிவாக, மூச்சு வாங்காமல்.

சுவிட்ச் இருக்கிற இடம் எதிர்ச் சுவர். போவதற்கு கேபினின் அடியில் நாலு எட்டு வைக்க வேண்டும். அவர் ரெடி என்றால் ரெடிதான். உலகத்தில் வேறு யார் சொன்னதை நம்பாவிட்டாலும் அவர் சொன்னால் நம்பலாம். நான் காலைப் பார்த்தேன். அது தண்ணீருக்குள் இருந்தது.

"அண்ணே, ரெடி" என்று மறுபடி வந்தது. கோபம் இல்லை, அவசரமும் இல்லை.

"உள்ள போயிட்டேன் சகலை" என்று குரல் கொடுத்தேன்.

நான் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தேன்.